போய் வந்ததா, போகாததா? விண்வெளிச் சேகரிப்பு: வாசகர் கேள்வி-பதில்

மனிதர்களோடு விண்வெளிக்குப் போய்த் திரும்பிய பொருட்களைச் சேகரிப்பது பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தோம். கடிதங்கள் நிறையவே வந்துவிட்டன. ஒரே விஷயத்தைக் கேட்டவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். சிலதற்குப் பதில் நீளும், சிலதற்கு நாலு வரிதான்.

அமெரிக்காவில் இருந்த என் சித்தப்பாவின் பெட்டியில் ஒரு தபால் உறை கிடைத்தது. கழுகும் நிலவும் போட்ட 9.35 டாலர் தபால்தலை, கூடவே ஒரு வரிசை எண், ‘சேலஞ்சர் விண்ணோடத்தில் பறந்தது’ என்று ஆங்கிலத்தில் அச்சு. தெரிந்தவர் ஒருவர் லட்சக்கணக்கில் போகும் என்கிறார். விற்கலாமா? (சேலம் வாசகர்)

உறை அசலாகத்தான் இருக்க வேண்டும், விண்வெளிக்குப் போய் வந்ததும் உண்மைதான், ஆனால் லட்சத்தை மறந்துவிடுங்கள். நாசாவின் 25-ஆவது ஆண்டையொட்டி 1983-இல் அமெரிக்க அஞ்சல் துறையும் நாசாவும் சேர்ந்து சுமார் 2,60,000 உறைகளை சேலஞ்சர் விண்ணோடத்தின் எஸ்டிஎஸ்-8 என்ற பயணத்தில் அனுப்பின. திரும்பி வந்ததும் ஒன்று 15.35 டாலர் என்று விற்றார்கள். இவ்வளவு எண்ணிக்கையில் இருப்பதால் நாற்பது வருஷம் கழித்தும் விலை பெரிதாக ஏறவே இல்லை. இப்போதும் கிட்டத்தட்ட அந்த விலைக்கே கிடைக்கிறது.

உறையின் முத்திரைகளை ஒரு லென்ஸ் வைத்துப் பாருங்கள். ஒன்றில் ஆகஸ்ட் 14, 1983 என்று இருக்கும். முதலில் அன்றைக்குத்தான் கிளம்புவதாக இருந்தது. பயணம் தள்ளிப்போய் ஆகஸ்ட் 30 அன்று நள்ளிரவு தாண்டிக் கிளம்பி, செப்டம்பர் 5 அன்று இருட்டிலேயே எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளத்தில் இறங்கியது. இறங்கிய தேதிக்குத் தனி முத்திரை இருக்கும்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் விற்கமாட்டேன். அந்தப் பயணத்தின் முக்கியமான சரக்கு எது தெரியுமா? நம்முடைய இன்சாட்-1பி செயற்கைக்கோள். அதற்கு முந்தைய இன்சாட்-1ஏ 1982-இல் சில மாதங்களிலேயே செயலிழந்து போயிருந்தது, அதனால் எல்லா நம்பிக்கையும் இதன் மேல்தான். ஆகஸ்ட் 31 அன்று சேலஞ்சரின் சரக்கு அறையிலிருந்து அதை வெளியே விட்டார்கள். அடுத்த வருஷம் சின்னச் சின்ன ஊர்களில்கூட தூர்தர்ஷன் கோபுரங்கள் மளமளவென்று எழுந்ததும், டெல்லி நிகழ்ச்சிகள் நம் வீட்டுக்கு வந்ததும் அந்தச் செயற்கைக்கோளால்தான். அதே சரக்கு அறையில் அதனோடு சேர்ந்து போனது உங்கள் சித்தப்பாவின் உறை. ஒரு மடிப்பு அட்டையோடு விற்றார்கள், பெட்டியில் அதுவும் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

ஒரு துணியோ பதக்கமோ நிஜமாகவே விண்வெளிக்குப் போய் வந்ததா என்று ஆய்வுக்கூடத்தில் சோதிக்க முடியாதா? (திருச்சி, ஈரோடு, யாழ்ப்பாணம் என மூன்று பேர் கேட்டிருந்தார்கள்)

பெரும்பாலும் முடியாது. விண்கலத்துக்குள் ஒரு பையில் பத்து நாள் இருந்துவிட்டு வந்த பட்டுக் கொடிக்கும் அதே தொழிற்சாலையில் தைத்து அலமாரியில் கிடந்த கொடிக்கும் எந்தக் கருவியாலும் வித்தியாசம் காட்ட முடியாது. இந்தச் சேகரிப்பின் அடிப்படையே இதுதான்: நாம் காசு கொடுப்பது அந்தப் பொருள் யார் யார் கை மாறி நம்மிடம் வந்தது என்ற ஆதாரத்துக்கு. அது இல்லையென்றால் மீதி இருப்பது வெறும் துணிதான்.

சரி, ஆதாரம் என்றால் எது? முதல் தரம், பயணம் போன வீரரே அந்தப் பொருளின் மேலேயே தன் கையால் ‘இது என்னோடு இந்தப் பயணத்தில் நிலவுக்குப் போனது’ என்று எழுதி, கூடவே கையெழுத்திட்ட கடிதமும் கொடுத்திருப்பது. அந்தக் கடிதத்தில் பொருளின் அடையாளம் தெளிவாக இருக்க வேண்டும். ‘ஒரு கொடி’ என்று மட்டும் எழுதிய கடிதத்தை எந்தக் கொடியோடும் சேர்த்து வைத்துவிடலாம் இல்லையா? அடுத்தது, பொருளிலேயே பதிந்த எண். மனிதரை நிலவுக்கு அனுப்பிய அமெரிக்காவின் அப்பல்லோ திட்டத்தில், அப்பல்லோ 7 முதல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் அட்டில்பரோவில் உள்ள ராபின்ஸ் நிறுவனம் ஒவ்வொரு பயணத்துக்கும் வெள்ளிப் பதக்கம் அடித்துக் கொடுத்தது. வீரர்கள் தங்கள் காசில் வாங்கிக் கொண்டு போவார்கள். கையில் எடுத்தால் நாணயம் மாதிரிதான், ஒரு பக்கம் பயணச் சின்னம், அப்புறம் வரிசை எண். எந்த எண்கள் போய் வந்தன என்பது சேகரிப்பாளர்களிடையே நன்றாகத் தெரிந்த விஷயம் என்பதால், ஏமாற்றுகிறவனுக்கு வேலை கஷ்டம். மூன்றாவது, நாசாவின் பட்டியல்கள். அப்பல்லோ கலங்களில் எந்தப் புத்தகம் எந்த அறையில் வைக்கப்பட்டது என்பதற்கெல்லாம் பகுதி எண்ணோடு பட்டியல் இருக்கிறது. செக்லிஸ்ட் (வீரர் செய்ய வேண்டியதை வரிசையாக அச்சிட்ட புத்தகம்) பக்கம் ஒன்று விற்பனைக்கு வந்தால் அந்த எண் பட்டியலோடு பொருந்துகிறதா என்று பார்க்கலாம்.

விற்கிறவர் தானே கணினியில் அடித்துக் கொடுக்கும் ‘அசல் சான்றிதழ்’ இந்த மூன்றில் எதிலும் சேராது. அழகான சட்டத்தில் தங்க எழுத்தில் இருந்தாலும் சரி.

விதிவிலக்கு ஒன்று உண்டு. நிலவின் தரையில் பட்ட பொருள் என்றால் நிலவுத் தூசியைச் சோதித்துக் கண்டுபிடிக்க முடியும். 2015-இல் அமெரிக்க மார்ஷல் துறை நடத்திய ஏலத்தில் இல்லினாய் மாநில வழக்கறிஞர் ஒருவர் 995 டாலருக்கு ஒரு வெள்ளைப் பை வாங்கினார். அதன் மேல் ‘நிலவில் எடுத்த சாம்பிள்’ என்று எழுதியிருந்ததால் அசல்தானா என்று பார்க்கச் சொல்லி நாசாவுக்கே அனுப்பினார். சோதித்துப் பார்த்தால் ஆம்ஸ்ட்ராங் நிலவில் இறங்கி முதலில் அள்ளிய மண்ணைக் கொண்டு வந்த பை அது! கான்சாஸ் அருங்காட்சியகம் ஒன்றின் முன்னாள் தலைவர் மீதான திருட்டு வழக்கில் பறிமுதல் செய்த பொருட்களோடு தவறுதலாகக் கலந்து ஏலத்துக்குப் போயிருக்கிறது. நாசா திருப்பித் தர மறுத்தது, அவர் நீதிமன்றம் போனார், நியாயமாக ஏலத்தில் வாங்கியது அவருடையதே என்று தீர்ப்பு வந்தது. 2017 ஜூலை 20, நிலவில் கால் வைத்த அதே தேதியில், சோத்பிஸ் ஏலத்தில் 18 லட்சம் டாலருக்குப் போனது.

ஆம்ஸ்ட்ராங், ஆல்ட்ரின், காலின்ஸ் மூவரும் கையெழுத்திட்ட, 1969 ஜூலை 16 முத்திரையுள்ள உறை. ‘நிலவுக்குப் போய் வந்தது’ என்று ஒருவர் விலை சொல்கிறார். நம்பலாமா? (கோவை வாசகி)

கையெழுத்து அசலாகவே இருந்தாலும் அது நிலவுக்குப் போனது என்பதை நம்பாதீர்கள். நீங்கள் விவரித்ததைப் பார்த்தால் அது ‘இன்ஷூரன்ஸ் கவர்’ என்று சேகரிப்பாளர்கள் சொல்லும் வகை. நிலவுக்குப் போகிறவர்களுக்குக் கட்டுப்படியாகும் விலையில் ஆயுள் காப்பீடு கிடைக்கவில்லை. அதனால் கிளம்பும் முன் மூவரும் உட்கார்ந்து கட்டுக்கட்டாக உறைகளில் கையெழுத்துப் போட்டு, நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து, கிளம்பும் நாளிலும் இறங்கும் நாளிலும் முத்திரை குத்தி வீட்டில் சேர்க்கச் சொல்லிவிட்டுப் போனார்கள். தாங்கள் திரும்பாவிட்டால் மனைவி மக்கள் அதை விற்றுப் பிழைத்துக்கொள்ளட்டும் என்று. அப்பல்லோ 11 முதல் 16 வரை இந்த வழக்கம் இருந்தது.

எனக்குத் தனிப்பட்ட முறையில் பறந்து வந்த பல பொருட்களைவிட இந்த உறைகள் மேல்தான் பிரியம் அதிகம். குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற ஒரு தகப்பன் போட்ட கையெழுத்து அது. ஆனால் அது பூமியை விட்டு நகரவில்லை, விலையும் அதற்கேற்பத்தான் இருக்க வேண்டும்.

கையெழுத்தையும் விசாரியுங்கள். அந்தக் காலத்து நாசா வீரர்களின் கையெழுத்தை, ஒருவர் கையெழுத்தை அப்படியே திரும்பத் திரும்பப் போடும் ஆட்டோபென் இயந்திரம் போட்டு ஆயிரக்கணக்கில் அனுப்பியிருக்கிறார்கள். அது போட்ட இரண்டு கையெழுத்துகளின் படங்களை ஒன்றன் மேல் ஒன்று வைத்தால் கோடு கோடாகப் பொருந்தும், மனிதர் கை அப்படிப் போடாது. ஆம்ஸ்ட்ராங் 1994-இலேயே கேட்பவர்களுக்குக் கையெழுத்துப் போடுவதை நிறுத்திவிட்டார் என்பதையும் நினைவில் வையுங்கள்.

விண்வெளி வீரர்கள் தபால் உறைகளைத் திருட்டுத்தனமாக நிலவுக்குக் கொண்டுபோய் விற்றதாகப் படித்தேன். உண்மையா, கட்டுக்கதையா? (மதுரைக் கல்லூரி மாணவர்)

உண்மைதான். அப்பல்லோ 15, 1971 ஜூலை 26 அன்று கிளம்பியது. டேவிட் ஸ்காட், ஆல்ஃபிரட் வோர்டன், ஜேம்ஸ் இர்வின் மூவரும் போனார்கள். அனுமதி பெற்று எடுத்துப்போன உறைகள் தனியாக இருந்தன. அவை போக, யாரிடமும் சொல்லாமல் சுமார் 400 உறைகளை ஒரு கட்டாகக் கட்டி ஸ்காட் விண்வெளி உடையின் பையில் வைத்துக் கொண்டுபோனார். அவை நிலவின் தரைவரை இறங்கித் திரும்பின. ஆகஸ்ட் 7 அன்று கடலில் விழுந்த கலத்தை மீட்ட ஒகினாவா கப்பலின் தபால் நிலையத்தில் முத்திரையும் குத்தினார்கள். அதில் 100 உறைகள் ஸ்டுட்கார்ட் நகரத்துத் தபால்தலை வியாபாரி ஹெர்மன் சீகரிடம் போய்ச் சேர்ந்தன. அப்பல்லோ திட்டம் முடிகிறவரை விற்கக்கூடாது என்றுதான் பேச்சு என்று வீரர்கள் பிறகு சொன்னார்கள். அவர் அதே வருஷமே ஒன்று 4,850 ஜெர்மன் மார்க் என்று விற்கத் தொடங்கிவிட்டார். ஆளுக்குச் சுமார் 7,000 டாலர் பிள்ளைகள் பேருக்குப் போவதாக ஏற்பாடு. விஷயம் வெளியே தெரிய ஆரம்பித்ததும் வேண்டாம் என்று திருப்பிவிட்டார்கள். ஆனாலும் 1972-இல் மூவருக்கும் கண்டனம், அப்பல்லோ 17-இன் மாற்று அணியிலிருந்து நீக்கம். அதற்குப் பிறகு மூவரில் ஒருவரும் விண்வெளிக்குப் போகவே இல்லை.

மீதி உறைகளை அரசு எடுத்து வைத்துக்கொண்டது. 1983-இல் அஞ்சல் துறையோடு சேர்ந்து நாசாவே இரண்டரை லட்சம் உறைகளுக்கு மேல் பறக்கவிட்டு விற்றபோது (மேலே சேலம் வாசகரிடம் இருக்கும் அதே உறைதான்) வோர்டன் வழக்குப் போட்டார். நீங்கள் செய்தால் சரி, நாங்கள் செய்தால் குற்றமா என்பதுதான் அவருடைய நியாயம். அரசு உறைகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டது.

நான் இதில் வீரர்கள் பக்கம் முழுசாகப் பேசமாட்டேன். அனுமதி கேட்டிருந்தால் கிடைத்திருக்க வாய்ப்பு இருந்தது, மறைத்தது தப்பு. ஆனால் வியாபாரிக்கு ஒன்றும் ஆகாமல், நிலவுவரை போய் அத்தனை அருமையான வேலை செய்துவிட்டு வந்தவர்களின் பறக்கும் வாழ்க்கை அதோடு முடிந்துபோனதை நினைத்தால் இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

இதே பயணத்தில் முழு அனுமதியோடு நடந்த இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. ஆகஸ்ட் 2 அன்று ஸ்காட் தொலைக்காட்சிக் கேமரா முன்னால் நின்று, அஞ்சல் துறை கொடுத்த உறை ஒன்றில் அன்றைக்கு வெளியான புதுத் தபால்தலைகளின் மேல் கையால் முத்திரை குத்தினார். அந்தத் தடித்த கையுறையோடு முத்திரைக் கட்டையைப் பிடித்து அழுத்துவது லேசான காரியமா! அந்த உறை வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் தேசிய அஞ்சல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஒரே பயணத்தில் போன பொருட்களில் ஒன்று ஐயாயிரம் ரூபாய், இன்னொன்று கோடிக்கணக்கில். எதை வைத்து விலை போடுகிறார்கள்? (சென்னை வாசகர்)

எவ்வளவு தூரம் போனது, என்ன வேலை செய்தது, சட்டப்படி யாருக்குச் சொந்தம் என்ற மூன்றையும் வைத்துத்தான். நிலவுப் பயணத்திலேயே தரம் பிரிப்பார்கள்: நிலவைச் சுற்றிய தாய்க்கலத்தில் இருந்தது, இறங்குகலத்தில் தரைவரை போனது, வெளியே எடுத்து நிலவுத் தூசி பட்டது. கடைசி வகை தனியார் கையில் மிகக் குறைவு.

சொந்தம் என்ற விஷயத்துக்கு ஒரு கடிகாரத்தைப் பாருங்கள். வீரர்கள் கட்டிக்கொண்டு போன ஒமேகா கடிகாரங்கள் நாசா வழங்கியவை, அரசுச் சொத்து, விற்க முடியாது. அப்பல்லோ 15-இல் நிலவின் தரையில் இரண்டாவது நடையின்போது ஸ்காட்டின் ஒமேகாவின் கண்ணாடி கழன்று விழுந்துவிட்டது. மூன்றாவது நடைக்குத் தான் சொந்தமாகக் கொண்டுபோயிருந்த பூலோவா கடிகாரத்தைக் கட்டிக்கொண்டார். சொந்தக் கடிகாரம் என்பதால் விற்கலாம், நிலவின் தரையில் வேலையும் செய்தது. 2015 அக்டோபரில் பாஸ்டன் ஏலம் ஒன்றில் 16.25 லட்சம் டாலர்.

இந்தச் சொந்தப் பிரச்சினை பல வருஷம் இழுத்தது. அப்பல்லோ 13-இல் ஆக்சிஜன் தொட்டி வெடித்த பிறகு, தாய்க்கலத்தின் திசைக் கோணங்களை இறங்குகலத்தின் கணினிக்கு மாற்ற அந்தப் பயணத்தின் தலைவர் ஜிம் லவெல் ஒரு செக்லிஸ்டில் கையாலேயே கூட்டிக் கழித்தார். பதற்றத்தில் கணக்கு சரிதானா என்று ஹூஸ்டனிடம் சரிபார்க்கவும் சொன்னார். அந்தப் புத்தகம் 2011 நவம்பரில் 3,88,375 டாலருக்கு ஏலம் போனதும், விற்க அவருக்கு உரிமை உண்டா என்று நாசா கேட்டு விற்பனையை நிறுத்தியது. அப்பல்லோ 14-இன் கேமரா ஒன்றுக்காக அதில் போன எட்கர் மிட்செல் மேல் அதே வருஷம் வழக்கே போட்டார்கள், அவர் அதை விட்டுக்கொடுத்தார். நிலவுக்குப் போய் வந்த கிழவர்களைத் திருடர்கள் மாதிரி நடத்தலாமா என்று பெரிய வருத்தம் கிளம்பி, 2012 செப்டம்பரில் ஒபாமா ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். அப்பல்லோவுக்கு முந்தைய மெர்க்குரி, ஜெமினி திட்டங்களின் காலம் முதல், ரஷ்யர்களோடு சேர்ந்து நடத்திய 1975 அப்பல்லோ-சோயுஸ் பயணம் வரை வீரர்கள் நினைவாக வைத்துக்கொண்ட செக்லிஸ்டுகள், சிறு கருவிகள் எல்லாம் அவர்களுக்கே முழுச் சொந்தம் ஆயின. நிலவுக் கற்களுக்கு மட்டும் அந்தச் சட்டம் பொருந்தாது.

என்னைக் கேட்டால் பணம் இருக்கிறவர்கள் கொடி, சின்னம் என்று போகாமல் செக்லிஸ்ட் பக்கங்களைத் தேட வேண்டும். கொடி பையில் சும்மா இருந்துவிட்டு வந்தது. செக்லிஸ்டைத்தான் வீரர் புரட்டினார், டிக் அடித்தார், ஓரத்தில் எண் எழுதினார்.

நிலவுக் கல் வாங்க முடியுமா? (பாளையங்கோட்டை வாசகர்)

அப்பல்லோ வீரர்கள் கொண்டு வந்த 382 கிலோவில், மேலே சொன்ன பையில் ஒட்டியிருந்த தூசி தவிர, ஒரு துணுக்குகூடத் தனியாருக்கு விற்பனைக்கு இல்லை. யாராவது விற்பதாகச் சொன்னால் ஒன்று போலி, இல்லாவிட்டால் திருட்டு. ஹோண்டுராஸ் நாட்டுக்கு அன்பளிப்பாகக் கொடுத்த நிலவுக் கல்லை ஒருவர் 50 லட்சம் டாலருக்கு விற்க முயன்று 1998-இல் அமெரிக்க அதிகாரிகள் விரித்த வலையில் சிக்கினார்.

சட்டப்படி விற்றது என்றால் ரஷ்யாவின் ஆளில்லாக் கலமான லூனா 16 கொண்டு வந்ததில் 0.2 கிராம். ராக்கெட் மேதை செர்கேய் கரோலேவின் மனைவிக்கு சோவியத் அரசு கொடுத்தது. 1993-இல் 4,42,500 டாலருக்கும் 2018-இல் 8,55,000 டாலருக்கும் கைமாறியது. நமக்கு எட்டும் வழி, நிலவிலிருந்து சிதறித் தானாகவே பூமியில் விழுந்த விண்கல். சின்னத் துண்டு, நல்ல வியாபாரி, ஆய்வு விவரத்தோடு வாங்குங்கள்.

பள்ளி ஆசிரியர் நான். வகுப்பில் காட்ட ஐயாயிரம் ரூபாய்க்குள் ஏதாவது கிடைக்குமா? (தஞ்சாவூர் வாசகி)

கிடைக்கும். முதலில் அந்த எஸ்டிஎஸ்-8 உறையே நல்ல தொடக்கம், பிள்ளைகள் கையில் கொடுத்து இன்சாட் கதையையும் சொல்லலாம். அடுத்தது, நாசா தன் ஊழியர்களுக்கும் ஒப்பந்த நிறுவனத் தொழிலாளிகளுக்கும் கொடுத்த பதக்கங்கள். அப்பல்லோ 8, அப்பல்லோ 11 போன்றவற்றுக்கு, பறந்து வந்த கலத்தின் உலோகத்தை உருக்கிக் கலந்து அடித்தார்கள். பதக்கத்திலேயே அது பொறிக்கப்பட்டிருக்கும். ஏராளமாக அடித்ததால் விலை குறைவு. நிலவுக்குப் போன உலோகம் இதில் இருக்கிறது என்று சொல்லிப் பாருங்கள், கடைசி பெஞ்சுக்காரனும் எழுந்து வருவான்.

ஏலத்தில் வாங்குவதாக இருந்தால் ஒன்று கவனியுங்கள். அறிவிக்கும் விலைக்கு மேல் ஏல நிறுவனம் வாங்குபவரிடம் தனியாகக் கட்டணம் வாங்கும். 2022-இல், மேலே சொன்ன பையிலிருந்து எடுத்த, ஆம்ஸ்ட்ராங் அள்ளிய நிலவுத் தூசியின் ஒரு துளி ஏலத்தில் 4 லட்சம் டாலருக்கு முடிந்தது, வாங்கியவர் கொடுத்தது 5,04,375. சின்ன விலையிலும் இதே கணக்குத்தான், அப்புறம் அனுப்பும் செலவும் சுங்கவரியும் வேறு.

பறந்த பொருட்களைத் துண்டு துண்டாக வெட்டி அட்டையில் ஒட்டி விற்கிறார்களே, சரியா? (நாகர்கோவில் வாசகர்)

பிய்ந்து விழுந்ததைப் பகிர்வதில் தப்பில்லை. அப்பல்லோ 11-இன் தாய்க்கலமான கொலம்பியாவின் மேலே ஒட்டியிருந்த, பூமிக்குள் நுழையும்போது கருகி உரிந்த கேப்டான் என்ற பிளாஸ்டிக் படலத்தின் துணுக்குகள் அப்படி வந்தவை. முழுசாக இருக்கும் ஒரு வரைபடத்தையோ கொடியையோ வியாபாரத்துக்காகக் கத்தரிப்பது எனக்குப் பொறுக்கவே பொறுக்காது. ஒருமுறை வெட்டினால் அந்த வரைபடம் உலகத்தில் இல்லை.

வீரர்களே இதைச் செய்திருக்கிறார்கள் என்பது நிஜம். அப்பல்லோ 12-இல் நிலவில் நடந்த ஆலன் பீன் பிறகு ஓவியரானார், தன் உடையிலிருந்த சின்னங்களின் நுணுக்கத் துண்டுகளைத் தன் ஓவியங்களின் வண்ணத்தோடு கலந்தார். அது அவருடைய பொருள், அவருடைய கலை. வியாபாரி கத்தரி எடுப்பதை அதோடு சேர்க்க எனக்கு மனம் வரவில்லை. ஆம்ஸ்ட்ராங் 1903-இன் ரைட் சகோதரர் விமானத்தின் இறக்கைத் துணியிலும் சுழலிக் கட்டையிலும் சிறு துண்டுகளை நிலவுக்குக் கொண்டுபோனார். அதைப் பார்க்கும்போது மட்டும் வெட்டியது நல்லதுக்குத்தான் என்று தோன்றிவிடுகிறது.

சேலஞ்சர், கொலம்பியா விண்ணோடங்களின் விபத்துச் சிதறல்கள் என்று விற்பதைப் பார்த்தேன். வாங்கலாமா? (புதுச்சேரி வாசகர்)

வேண்டவே வேண்டாம். அவை அமெரிக்க அரசின் சொத்து, வைத்திருப்பதே குற்றம். 2003-இல் கொலம்பியா சிதறல்களை எடுத்ததாக டெக்சாஸில் வழக்குகள் பதிவாயின. சட்டத்தை விடுங்கள், இரண்டு விபத்திலும் சேர்த்துப் பதினான்கு பேர் இறந்திருக்க, அங்கிருந்து எடுத்ததை அலமாரியில் வைத்து என்ன செய்யப் போகிறோம்?

சேலஞ்சர் விபத்திலிருந்து மீண்ட ஒரு பொருளைப் பற்றி மட்டும் சொல்கிறேன். சேலஞ்சரில் போன எல்லிசன் ஒனிசுகா, ஹூஸ்டனில் தன் மகள் படித்த பள்ளியின் கால்பந்து ஒன்றை, மாணவர்கள் கையெழுத்திட்டதை, எடுத்துப் போயிருந்தார். கடலிலிருந்து மீட்ட பொருட்களில் அந்தப் பந்தும் கிடைத்து, பள்ளிக்கே திரும்பியது. முப்பது வருஷம் கழித்து ஷேன் கிம்ப்ரோ என்ற வீரர் அதைச் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குக் கொண்டுபோனார். அதை ஏலத்துக்கு விடாமல் அந்தப் பள்ளி வைத்திருப்பதுதான் முறை.

வாங்கியதை எப்படிப் பாதுகாப்பது? நம் ஊர் வெயிலும் ஈரமும்... (தூத்துக்குடி வாசகர்)

லேமினேட் செய்யாதீர்கள். நம் ஆட்கள் ரேஷன் கார்டு முதல் கல்யாணப் பத்திரிகை வரை எதையும் லேமினேஷன் கடைக்குக் கொண்டுபோய்விடுவார்கள், உறையை அப்படிச் செய்தால் அதோடு அதன் கதை முடிந்தது. சாதாரண பிவிசி உறையும் நாளாக நாளாக ஒட்டிக்கொள்ளும். அமிலமில்லாத தாள், பாலியெஸ்டர் உறை, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம், இருட்டான அலமாரி. கையெழுத்துள்ளதைச் சுவரில் மாட்டினால் வெயில் மை முழுவதையும் தின்றுவிடும். நகல் எடுத்து அதை மாட்டுங்கள். வெள்ளிப் பதக்கம் கறுத்தால் விபூதி போட்டுத் தேய்க்கிற பழக்கம் நம் வீட்டில் உண்டு, இதில் அது கூடவே கூடாது, நுணுக்கமான பொறிப்பு தேய்ந்துவிடும். அழுக்கு, கறை எதையும் கழுவாதீர்கள், அது எங்கிருந்து ஒட்டியது என்று யாருக்குத் தெரியும்?

ஸ்மித்சோனியனிலேயே ஆம்ஸ்ட்ராங்கின் உடை உள்ளே ரப்பர் இறுகிச் சிதைய ஆரம்பித்து, 2015-இல் பொதுமக்களிடம் 7 லட்சம் டாலருக்கு மேல் திரட்டிச் சீர்செய்து 2019-இல்தான் மறுபடி காட்சிக்கு வைத்தார்கள்.

இந்தியர்களோடு போய் வந்த பொருட்கள் எங்கே இருக்கின்றன? நம்மால் சேகரிக்க முடியுமா? (வேலூர் வாசகி)

ராகேஷ் சர்மா 1984 ஏப்ரல் 3 அன்று சோயுஸ் டி-11-இல் கிளம்பி சல்யூட் 7 நிலையத்துக்குப் போனார், ஏப்ரல் 11 அன்று திரும்பியது சோயுஸ் டி-10-இல். அவரைக் கொண்டு வந்த அந்தக் கலமே டெல்லி நேரு கோளரங்கத்தில் இருக்கிறது. டெல்லி போகிறவர்கள் கட்டாயம் பாருங்கள். கருகிய அந்தச் சின்னக் கூட்டுக்குள் மூன்று பேர் முழங்காலை மடக்கிக்கொண்டு வந்தார்கள் என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தால்தான் உறைக்கும்.

நாம் சேகரிக்க எளிதானது, அதே ஏப்ரல் 3 அன்று நம் அஞ்சல் துறை வெளியிட்ட தபால்தலையும் முதல் நாள் உறையும். அவை பறக்கவில்லை, அதைத் தெரிந்துகொண்டே வாங்குங்கள். ரஷ்ய உறைகளிடம் ஜாக்கிரதை. ரஷ்யர்களின் மீர் விண்வெளி நிலையத்தில் சொந்தமாகத் தபால் முத்திரை வைத்திருந்தார்கள், வீரர்கள் கையெழுத்தோடு அழகாக இருக்கும், போலிகளும் அதே அளவு அழகாகவே வருகின்றன.

2025-இல் சுபான்ஷு சுக்லா விண்வெளி நிலையத்துக்குப் போனபோது ஜாய் என்ற அன்னப் பொம்மையை எடுத்துப் போனார்கள், எடையற்ற நிலை வந்ததும் அது மிதந்ததை எல்லாரும் பார்த்தோம். அடுத்து, நாமே மனிதர்களை விண்வெளிக்கு அனுப்பும் ககன்யான். அதற்குத் தேர்வான நால்வரில் அஜித் கிருஷ்ணன் சென்னையில் பிறந்தவர். நாசாவில் விண்ணோட வீரர்கள் சொந்தமாக எடுத்துப் போக 20 பொருட்கள், சுமார் 680 கிராம் என்று எழுத்தில் விதி இருந்தது. நம் வீரர்கள் என்ன எடுத்துப் போகிறார்கள், எத்தனை கொடி, எத்தனை உறை, திரும்பியதும் எது யாரிடம் போகிறது என்ற பட்டியலை இஸ்ரோ பயணத்துக்கு முன்பே எண்ணிட்டு வெளியிட வேண்டும். அந்தப் பட்டியல் இல்லாமல் ஆள் முதல் தடவை போய் வந்துவிட்டால், அடுத்த வாரமே சந்தையில் ‘ககன்யானில் பறந்த கொடி’ வந்துவிடும், பொய் என்று நிரூபிக்க யாரிடமும் ஒன்றும் இருக்காது. இதைக் கேட்டு பெங்களூரில் உள்ள இஸ்ரோ தலைமையகத்துக்கு எழுதியிருக்கிறேன். நீங்களும் உங்கள் பள்ளி, கல்லூரி, தபால்தலைச் சங்கம் பெயரில் ஒரு கடிதம் எழுதுங்கள்.